பின்னாடி 'லொடக் லொடக்' சத்தமா? பட்டை புஷ்ஷை உடனே பாருங்க! கொல்லிமலை ஏறும் பழைய பிக்கப் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

முள்ளுக்குறிச்சி:
நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு காரவள்ளி வழியாக ஒரு பாதை, முள்ளுக்குறிச்சி வழியாக ஒரு பாதை. காரவள்ளி பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இருந்து பலா, அன்னாசி, வாழைத்தார், மிளகு இறங்குது. கீழே இருந்து அரிசி, சிமெண்ட், உரம் ஏறுது. அடிவாரத்து காடுகளில் மரவள்ளிக்கிழங்கு, மஞ்சள் லோடு வேறு. இத்தனைக்கும் ஓடுறது பெரும்பாலும் பிக்கப் வண்டிகள்தான். அதிலும் பல வண்டிகள் 10 வருஷம் தாண்டிய பழைய வண்டிகள்.

இந்த வண்டிகளில் டயர் தேய்ஞ்சா பாக்குறாங்க, பிரேக் பிடிக்கலைன்னா பாக்குறாங்க. ஆனா பின்பக்க பட்டையில் இருக்கிற புஷ்ஷை மட்டும் யாரும் கண்டுக்கிறது இல்லை. கையளவு ரப்பர்தானேன்னு விட்டால், மலை இறக்கத்தில் அது உயிருக்கே உலை வைக்கும்.

புஷ்ஷுக்கு என்ன வேலை?

பட்டையின் 2 முனையும் வளையமாக சுருட்டி இருக்கும். பிக்கப் வண்டிகளில் பொதுவாக பின்பட்டையின் முன்முனை, சேசிஸில் உள்ள ஹேங்கரில் பின் போட்டு அசையாமல் கட்டப்பட்டிருக்கும். பின்முனை சாக்கிள் என்ற 2 தகடுகளுக்கு நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கும்.

லோடு ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளமாகும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் சாக்கிள் ஆடுது. இரும்பும் இரும்பும் நேராக உரசாமல், அதிர்ச்சியை வாங்கிக்கிறதுக்கு நடுவில் வைப்பதுதான் புஷ். முன்முனையில் ஒன்று, சாக்கிளில் மேலும் கீழும் என்று ஒரு பக்கத்துக்கு 3 இடம். 2 பக்கமும் சேர்த்தால் 6 இடம்.

மலையில் ஏன் ஆபத்து?

என்ஜின் சுத்தும் சக்தி பின்சக்கரத்துக்கு போகிறது. அந்த சக்கரம் வண்டியை முன்னே தள்ளுவது பட்டையின் முன்முனை பின் வழியாகத்தான். பிரேக் அடித்தாலும் அதே பின்தான் இழுவையை தாங்குது. வளைவில் திரும்பும்போது மொத்த பாரமும் வெளிப்பக்க பட்டையில் சாயும்.

புஷ் போய்விட்டால் பின் ஆட்டம் கொடுக்கும். ஆட ஆட பின் தேயும், ஹேங்கர் துளை முட்டை வடிவமாகும், கடைசியில் மெயின் பட்டையே முனையில் முறியும். முறிஞ்சால் அந்தப் பக்கத்து ஆக்சில் பின்னால் நகர்ந்துவிடும். நீங்க ஸ்டியரிங்கை நேரா பிடிச்சாலும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் உள்ள ரோட்டில் இது எங்கே கொண்டு போய் விடும்னு சொல்லத் தேவையில்லை.

எப்படி கண்டுபிடிக்கிறது?

* ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்னாடி 'லொடக்' சத்தம்.
* நேரான ரோட்டில் போகும்போது வண்டியின் பின்பக்கம் அலையுறது, கோணலா ஓடுறது.
* ரப்பர் வெடித்து அல்லது பிதுங்கி வெளியே தெரியுறது.
* சாக்கிள் தகடு சாய்ந்து, பட்டையில் உரசின பளபளப்பு.
* பட்டை முனையில் கடப்பாறை கொடுத்து லேசாக நெம்பினால் லொடலொடன்னு ஆடுறது.

இதில் ஒன்று இருந்தாலும் லோடு ஏத்தாமல் பட்டறைக்கு போறது நல்லது.

மாத்தும்போது கவனம்

சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடணும். சேசிஸை தூக்கி 2 பக்கமும் உறுதியான ஸ்டாண்டு கொடுக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி நழுவினால் எழுந்திருக்க நேரம் இருக்காது.

அப்புறம் ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, பட்டையில் விறைப்பு இல்லாத அளவுக்கு ஏத்தி இறக்கி சரி பண்ணணும். விறைப்போடு பின்னை தட்டினால் பட்டை துள்ளி அடிக்கும். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் இடம் மாறும்.

துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைக்கலாம். பழைய புஷ்ஷை பிரஸ்சில் தள்ளி எடுப்பதே நல்லது. கேஸ் நெருப்பு வைத்து எரிக்கிறவங்க உண்டு. பக்கத்திலேயே டீசல் டியூப், பிரேக் ஓஸ் இருப்பதை மறந்துடக்கூடாது. ரப்பர் புகையும் நெஞ்சுக்கு ஆகாது.

புஷ் மாத்தும்போது பின், சாக்கிள் தகடு, ஹேங்கர் துளை மூன்றையும் பாருங்க. தேய்ஞ்ச பின்னில் புது புஷ் போட்டால் சீக்கிரமே பழைய கதைதான். ஒரு பக்கம் மட்டும் மாத்தாமல் 2 பக்கமும் சேர்த்து மாத்துங்க.

கிரீஸ் போடலாமா?

ரப்பர் புஷ்ஷுக்கு சாதாரண கிரீஸ், ஆயில் ஆகாது. ரப்பர் ஊதி இத்துப் போகும். சோப்பு தண்ணீர் தடவினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கிரீஸ் நிப்பிள் உள்ள இரும்பு, வெண்கல புஷ் வேறு ரகம். அதற்கு பழைய கிரீஸ் வெளியே வரும் வரை தவறாமல் அடிக்கணும்.

கடைசி முறுக்கு தரையில்தான்!

அனுபவம் உள்ளவங்களும் தப்பு விடுற இடம் இதுதான். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிடுறாங்க. அப்படி இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். வண்டியை கீழே இறக்கியதும் பட்டை நிமிரும், ரப்பர் முறுக்கிக்கும். நிறுத்தி வைத்திருந்தாலும் முறுக்கிலேயே இருந்து கிழியும். அதனால் மேலே இருக்கும்போது கைப்பிடிக்கு மட்டும் நட்டை ஓட்டிவிட்டு, சக்கரம் தரையில் பதிந்து வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகே முழு முறுக்கு கொடுக்கணும்.

யூ போல்ட்டை கழற்றி இருந்தால் புதுசு போட்டு, குறுக்கு குறுக்காக இறுக்கி, ஒரு லோடு அடிச்சு வந்ததும் மறுபடி இறுக்கிப் பாருங்க.

எப்.சி. வரட்டும்னு இருக்காதீங்க

8 வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்கணும். ஆனா புஷ் அதுவரை காத்திருக்காது. அதிக பாரத்துக்காக கூடுதல் பட்டை சேர்த்து கட்டுறதும் வேண்டாம். பட்டை தாங்கினாலும் பாரம் மொத்தமும் புஷ், பின், சேசிஸ் மேல்தான் விழும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் அதனால் கூடிவிடாது.

புஷ் செலவையும், மெயின் பட்டை முறிந்து நடுமலையில் லோடோடு நிற்கும் செலவையும் கூட்டிப் பாருங்க. அடுத்த தடவை மலை ஏறும் முன் 5 நிமிஷம் குனிந்து பட்டையின் 2 முனையையும் பார்த்துட்டு கிளம்புங்க. வண்டியும் திரும்பும், வீட்டில் காத்திருக்கிறவங்களுக்கும் நிம்மதி.