பொருத்தம் அறிந்து வாங்குவோம்

கர்நாடக மாநிலத்தில் உள்ள கோலார் தங்கவயலில் ஏறத்தாழ 120 ஆண்டுகள் தங்கம் வெட்டியெடுக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து குடியேறிய தொழிலாளர் பல்லாயிரவர் அச்சுரங்கங்களில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூரார் பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று பணிபுரிந்து திரும்புகின்றனர்.

அவர்களுள் ஒருவர் வீட்டில் பழைய மேசைக்கணினி ஒன்று உள்ளது எனக் கொள்வோம். மகளின் பாடங்களுக்குப் பயன்படும் அக்கணினி மிக மெதுவாக இயங்குகிறது. அவர் பெங்களூரு எஸ்.பி. சாலையில் 8 ஜிகாபைட் நினைவகம் ஒன்றை வாங்கி வருகிறார். வீட்டில் பொருத்த முயன்றால் அது உள்ளே நுழையவில்லை. பொருளில் குறையில்லை, பொருத்தத்தில்தான் குறை. பூட்டைப் பாராமல் சாவி வாங்கியது போன்றது இது.

நினைவகம் என்பது யாது? சுரங்கத்தின் ஆழத்தில் தாது கிடக்கும். அதனை மேலே கொண்டுவந்து ஆலையில் இட்ட பின்னரே தங்கத்தைப் பிரிக்க இயலும். கணினியின் வன்தட்டு ஆழத்துத் தாதுக்கிடங்கு போன்றது. ரேம் எனப்படும் நினைவகம் மேலே உள்ள ஆலைக்களம் போன்றது. களம் சிறிதாயின் தாதுவை அடிக்கடி இறக்கி ஏற்ற நேரிடும், வேலை தாமதமாகும். நினைவகம் போதாத கணினியும் அவ்வாறே தடுமாறுகிறது.

ஆயினும், மெதுவாக இயங்கும் கணினிக்கெல்லாம் நினைவகக் குறைவே காரணம் எனக் கூற இயலாது. வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே விண்டோஸ் பணி மேலாளரைத் திறந்து பார்த்தல் வேண்டும். நினைவகம் முழுவதும் நிரம்பும் நிலையில் இருந்தால் அதனைக் கூட்டலாம். பாதியளவு வெறுமையாக இருந்தால் காரணம் வேறு. புதிய நினைவகம் வாங்குவது வீண் செலவாகும்.

வாங்குமுன் ஐந்து செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, தலைமுறை. டி.டி.ஆர். 3 பட்டையில் 240 தொடுமுனைகளும், டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 பட்டைகளில் 288 தொடுமுனைகளும் உள்ளன. அவற்றிற்குரிய மின்னழுத்தம் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட் ஆகும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாதவாறு பட்டையின் விளிம்பில் உள்ள வெட்டு, தலைமுறைதோறும் வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே, நுழையாததை அழுத்தி நுழைத்தல் கூடாது.

இரண்டாவது, வடிவம். மடிக்கணினிக்குரிய பட்டை நீளம் குறைந்தது, மேசைக்கணினியில் பொருந்தாது. சில மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனை மாற்ற இயலாது.

மூன்றாவது, கொள்ளளவு. ஒவ்வொரு தாய்ப்பலகைக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. பலகையில் அச்சிடப்பட்ட மாதிரி எண்ணைக் கொண்டு, அதன் கையேட்டில் அவ்வரம்பைக் காணலாம். வெறுமையான பொருத்துமிடம் உள்ளதா என்பதையும் காண வேண்டும்.

நான்காவது, வேகம். வெவ்வேறு வேகமுடைய இரு பட்டைகளைச் சேர்த்தால், இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். எனவே, இருப்பதற்கு இணையானதை வாங்குதலே நன்று.

ஐந்தாவது, இயங்குதளம். 32 பிட் இயங்குதளத்தில் பொதுவாக 4 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது. 8 ஜிகாபைட் பொருத்தினாலும் மிகுதி வீணாகும்.

இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இயலுமாயின் பழைய பட்டையையும் உடன் கொண்டு சென்றால் கடைக்காரர் சரியானதை எடுத்துத் தருவார். பொருத்துமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை நீக்குதல் வேண்டும். பட்டையை ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

அப்பட்டையின் விளிம்பை உற்று நோக்குக. மஞ்சள் நிறத்தில் மின்னும் தொடுமுனைகளில் பூசப்பட்டிருப்பது மெல்லிய தங்க முலாம். தங்கம் துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் நன்கு கடத்தும். எந்த உலோகத்திற்காக இவ்வூரார் பூமியைக் குடைந்தனரோ, அதுவே நம் மேசைக்கணினியிலும் இருக்கிறது.

தங்கம் போனபின் எஞ்சிய கழிவு, தங்கவயலில் சயனைடு மேடுகளாக இன்றும் நிற்கிறது. பயன்படக்கூடிய கணினிகளைத் தூக்கி எறிந்தால், மின்னணுக் கழிவும் அவ்வாறே குவியும். பொருத்தமான ஒரு பட்டை, பழைய கணினிக்கு மேலும் சில ஆண்டு வாழ்வளிக்கும். தந்தையின் உழைப்பால் வந்த பணத்தையும் காக்கும்.

பயிற்சி

1. டி.டி.ஆர். 3 பட்டைக்குரிய இடத்தில் டி.டி.ஆர். 4 பட்டை ஏன் நுழைவதில்லை?
2. நினைவகத்தை ஆலைக்களத்தோடு ஒப்பிட்டது ஏன்? விளக்குக.
3. பிரித்து எழுதுக: அவ்வரம்பு, மின்னிணைப்பு.
4. உங்கள் பள்ளிக் கணினி ஒன்றின் நினைவக விவரங்களை ஆசிரியர் துணையுடன் அறிந்து அட்டவணைப்படுத்துக.