பாறையேற்றமும் உடலெடையும்



செங்குத்தாய் நிற்கும் ஒரு பாறையை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் ஓர் இளைஞன் ஏறிக்கொண்டிருக்கிறான். அவன் கைக்குக் கிடைத்திருப்பது பென்சிலின் பருமனே உள்ள ஒரு விளிம்பு. நான்கு விரல்களின் நுனி மட்டும் அதில் பதிந்திருக்கிறது. காலுக்குக் கிடைத்திருப்பதோ அதனினும் சிறிய ஒரு மேடு. அந்த நிலையில் நின்று, அடுத்த பிடியை நாடி அவன் மேலே எழவேண்டும். அவன் தூக்கவேண்டிய சுமை எது? அவனுடைய உடலேதான். பளுதூக்குவோன் இயலாதபோது இரும்பைக் கீழே போட்டுவிடலாம். பாறையேறுவோனுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே, இக்கலையைப் பயிலும் இளைஞர் பலருடைய உள்ளத்தில் ஓர் எண்ணம் எளிதில் முளைத்துவிடுகிறது. "சுமை குறைந்தால் ஏற்றம் எளிதாகும்; உணவைக் குறைத்தால் சுமை குறையும்; ஆதலால் உணவைக் குறைப்போம்" என்பதே அது. இவ்வெண்ணத்தில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை இன்று ஆராய்வோம்.

பாறையேற்றம், பழைய மலையேற்றக் கலையிலிருந்து கிளைத்துத் தனியே வளர்ந்த ஒரு விளையாட்டு. இன்று இயற்கைப் பாறைகளில் மட்டுமன்றி, பிடிகள் பொருத்தப்பெற்ற செயற்கைச் சுவர்களிலும் அது பயிலப்படுகிறது. 2021-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அது முதன்முறையாக இடம்பெற்றது. போட்டி மூவகைப்படும். தாழ்ந்த சுவரில், கயிறின்றி, புதிர் போல் அமைந்த கடினமான பிடிகளைக் கடப்பது ஒன்று. கயிறு பூட்டிக்கொண்டு உயர்ந்த சுவரில் இயன்ற அளவு மேலே செல்வது மற்றொன்று. 15 மீட்டர் உயரமுள்ள சுவரை விரைந்து ஏறுவது மூன்றாவது. மூன்றிலும் சுமை உடலே.

இனி, விரல்களைச் சற்று நோக்குவோம். உங்கள் விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். மற்றொரு கையால் முன்கையைப் பிடித்துப் பாருங்கள். முன்கையில் தசைகள் அசைவதை உணர்வீர்கள். விரல்களை மடக்கும் ஆற்றல்மிக்க தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு போல நீண்டு விரலெலும்புகளில் இணைகின்றன. அந்நாண்கள் எலும்பை விட்டு விலகாதபடி சிறு வளையங்கள் அவற்றை அணைத்துப் பிடித்திருக்கின்றன. பாறையேறுவோர்க்கு மிகுதியாக நேரும் காயங்களுள் ஒன்று இவ்வளையம் கிழிவதாகும். இத்துணைச் சிறிய உறுப்புகள் உடல் முழுவதையும் தாங்குகின்றன என்றால், எடை ஒரு பொருட்டே அன்று என்று யார் சொல்ல முடியும்? எடைக்கு இவ்விளையாட்டில் இடம் உண்டு என்பது உண்மை.

ஆனால் அது பாதி உண்மை. மறுபாதியைக் கணக்கு ஆசிரியர் சொல்லுவார். ஏறும் திறமையை ஒரு பின்னமாக எழுதிப் பாருங்கள். மேலே தொகுதியாக வலிமை. கீழே பகுதியாக எடை. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவன், தன் எடையோடு இன்னும் 12 கிலோகிராமைக் கட்டிக்கொண்டு ஒரு விளிம்பில் தொங்க வல்லவன் என்று கொள்வோம். அவன் வலிமை 72, எடை 60, பின்னத்தின் மதிப்பு 1.2. அவன் பட்டினி கிடந்து 3 கிலோகிராம் குறைத்தான். ஆனால் பட்டினியால் தசையும் தளர்ந்து, வலிமை 66 ஆகியது. இப்போது 66-ஐ 57-ஆல் வகுத்தால் 1.16 தான் வரும். எடை குறைந்தது, திறமையும் குறைந்தது. மாறாக, அவன் நன்றாக உண்டு, முறையாகப் பயின்று, எடை மாறாமல் வலிமையை 78 ஆக உயர்த்தினால் மதிப்பு 1.3 ஆகும். பகுதியைக் குறைப்பது ஒன்றே வழி என்று எண்ணுவோர் தொகுதியை மறந்துவிடுகின்றனர்.

பட்டினியால் வலிமை குறைவானேன்? உடல் தன் உடனடித் தேவைக்கான சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவைக் குறைத்த முதற்சில நாள்களில் தராசு காட்டும் இறக்கத்திற்குப் பெருங்காரணம் இச்சேமிப்பும் நீரும் வெளியேறுவதே. கொழுப்பு கரைந்துவிட்டது என்று மகிழ்பவன் உண்மையில் இழந்தது, பாறையின்மேல் தன் கைக்கு உதவவேண்டிய எரிபொருளை. பட்டினி நீடித்தால், உடல் தன் தசையையே எரித்துப் பிழைக்க முற்படும். காயம்பட்ட நாண்களையும் வளையங்களையும் செப்பனிடப் புரதம் கிட்டாது. எடை குறைந்தவன் காயம் ஆறாமல் வாரக்கணக்கில் சுவரருகே செல்லவும் இயலாமல் அமர்ந்திருப்பான்.

நீண்டநாள் அரைவயிற்று உணவு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், போரால் பசிக்கு ஆளான மக்களை மீட்கும் வழியை அறிவதற்காக, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். அவர்கள் தாமே முன்வந்தவர்கள். நல்ல உடல்நலம் உடையவர்கள். ஆறு திங்கள் அவர்களுக்குக் குறையுணவு அளிக்கப்பட்டது. அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வலிமை தளர்ந்தது, நாடித்துடிப்பு மந்தமாயிற்று, எப்போதும் குளிர் வாட்டியது. மனமும் மாறியது. எளிதில் சினம் கொண்டனர்; சோர்ந்தனர்; நண்பரை விட்டு ஒதுங்கினர்; உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க இயலாதவராயினர். பசித்த உடலினுள் பசியாத மனம் இருப்பதில்லை என்பதை இச்சோதனை மெய்ப்பித்தது.

இக்காலத்து மருத்துவர்கள் இதனைக் கணக்காகவே கூறுகின்றனர். ஒருவர் உண்ணும் உணவின் ஆற்றலிலிருந்து பயிற்சிக்குச் செலவான ஆற்றலைக் கழியுங்கள். எஞ்சுவதைக் கொண்டுதான் இதயம் துடிக்கவேண்டும், எலும்பு வளரவேண்டும், காயம் ஆறவேண்டும். கொழுப்பு நீங்கிய உடலெடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோகலோரி எஞ்சுவது நன்று. 30-க்குக் கீழே நெடுநாள் தாழ்வது தீது. கொழுப்பு நீங்கிய எடை 50 கிலோகிராம் உள்ள ஒருவர் 1,700 கிலோகலோரி உண்டு, பயிற்சியில் 400 செலவிட்டால், எஞ்சுவது 1,300. அதாவது கிலோகிராமுக்கு 26. அவர் வயிறார உண்டதாகவே எண்ணலாம். ஆயினும் அவர் உடல் பஞ்சத்தில் இருக்கிறது. இந்நிலைக்கு 2014-ஆம் ஆண்டில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 'விளையாட்டில் சார்பு ஆற்றற் பற்றாக்குறை' என்னும் பொருள்படப் பெயரிட்டது. இது பெண்களுக்கு மட்டும் வருவது அன்று, ஆண்களுக்கும் வரும்.

இதில் மிக அஞ்சத்தக்கது எலும்பின் நலிவு. மனிதனுடைய எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இருபது வயதையொட்டிய காலத்திற்குள் சேமிக்கப்படுவது. பற்றாக்குறையால் ஹார்மோன்கள் குன்றினால் அச்சேமிப்பு தடைப்படும். அன்று விடுபட்டதைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது அரிது. வளரும் பருவத்தினர்க்கு விரலெலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்பகுதி உண்டு. மிகையான விரற்பயிற்சியால் அது முறிவதும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளை இரும்பு வளையமும் அல்லன். சிறிய அளவில் செய்த பெரியவனும் அல்லன். அவன் இன்னும் கட்டி முடிக்கப்பெறாத வீடு.

பாறையேற்ற உலகமும் இவ்வுண்மையைத் தாமதமாகவேனும் உணர்ந்தது. 2023-ஆம் ஆண்டில், இவ்விளையாட்டின் பன்னாட்டுக் கூட்டமைப்பு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை எனக் குறைகூறி, அதன் மருத்துவக் குழுவிலிருந்து இரு உறுப்பினர்கள் விலகினர். அதே ஆண்டில், டோக்கியோவில் தங்கம் வென்ற சுலோவீனிய நாட்டு வீராங்கனை யான்யா கார்ன்பிரெட் இத்தீங்கைக் குறித்து வெளிப்படையாகப் பேசினார். 2024-இல் வீரர்களின் உடல்நலத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் விதிகள் கொண்டுவரப்பட்டன. அவ்வாண்டு பாரிசு ஒலிம்பிக்கிலும் கார்ன்பிரெட் தங்கம் வென்றார்.

ஒல்லியான சிற்றுடலே வெற்றிக்கு ஏற்றது என்பதும் தவறு. 2017-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் குகை ஒன்றில், அதுவரை எவரும் ஏறியிராத கடினத்தன்மை உடைய பாதையை ஏறி முடித்தவர் செக் நாட்டு ஆடம் ஒண்டிரா. அவர் உயரம் ஏறத்தாழ 186 செ.மீ. அதே ஆண்டில் ஸ்பெயினில், பெண்கள் அதுவரை எட்டாத கடின நிலையை எட்டியவர் ஆஸ்திரிய நாட்டு ஆஞ்செலா ஐட்டர். அவர் உயரம் ஏறத்தாழ 154 செ.மீ. ஒருவர் நெடியவர், ஒருவர் குறியவர். இருவரும் தத்தம் உடலுக்கு ஏற்ற முறையைக் கண்டுகொண்டவர்கள். கால் வைக்கும் நேர்த்தி, இடுப்பைச் சுவரோடு அணைக்கும் பழக்கம், ஓய்வெடுக்கும் இடத்தை அறியும் கூர்மை ஆகியவை தராசில் ஏறா. ஆனால் விரலின் சுமையை அவை பெரிதும் குறைக்கும். தொடக்க நிலையினர் ஒரு கிலோகிராம் எடையைக் குறைப்பதைவிடக் கால்வேலையைக் கற்பதால் பெறும் பயன் பெரிது.

அப்படியாயின் என்ன உண்பது? விந்தையான உணவு எதுவும் வேண்டா. பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் சோறோ, இட்டலியோ, சப்பாத்தியோ உண்ணுங்கள். மாவுப்பொருளே கடும் முயற்சிக்குரிய எரிபொருள். இடையே களைப்புத் தோன்றினால் ஒரு வாழைப்பழம் போதும். பயிற்சிக்குப் பின் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், தயிர் இவற்றுள் இயன்றதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடுமையாகப் பயில்வோர்க்கு உடலெடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை என்பர். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. எலும்புக்குக் கேழ்வரகும் பாலும், இரும்புச் சத்துக்குக் கீரையும் பயறும் உதவும். எடை குறைவதற்காக நீர் அருந்தாமல் இருப்பது பேதைமை.

எடையைக் குறைக்கவே கூடாதா என்று கேட்கலாம். முழு வளர்ச்சி பெற்று, உண்மையிலேயே மிகுகொழுப்பு உடையவர் குறைக்கலாம். அதுவும் மருத்துவரின் அறிவுரையோடு, வாரத்திற்கு அரைக் கிலோகிராமுக்கு மேற்படாமல், கடும்பயிற்சி இல்லாத காலத்தில் செய்யத்தக்கது. வளரும் பிள்ளைகள் விளையாட்டுக்காக எடையைக் குறைக்கவே வேண்டா. உயரம் கூடும்போது எடை கூடுவது இயற்கை. அவ்வாண்டில் ஏற்றம் சற்றுத் தடுமாறினால் பொறுத்திருங்கள். வலிமை பின்தொடர்ந்து வரும்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எடை வரம்பு வைத்து நடத்தப்பெறும் சடுகுடுப் போட்டிக்காக மாணவன் ஒருவன் இரு வாரங்களில் நான்கு கிலோகிராம் குறைத்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் அவன் மனவுறுதியை நான் பாராட்டினேன். எவ்வாறு குறைத்தான் என்று கேட்கவில்லை. போட்டி நாளன்று ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் அவன் மயங்கி விழுந்தான். நண்பகல் உணவைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரும் குடியாமல் இருந்தான் என்பதை அவன் தோழன் அழுதுகொண்டே சொன்னான். நல்லவேளையாக அவன் தேறினான். ஆனால், என் பாராட்டைக் கேட்ட வேறு இரு மாணவர்களும் அவனைப் போலவே உணவை விடத் தொடங்கியிருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். பசிக்கு அவன் காரணம். அதற்குப் பெருமை சேர்த்தவன் நான்.

ஆதலால் உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். "மெலிந்துவிட்டாய், மிக நன்று" என்று தோழரைப் புகழாதீர்கள். அடிக்கடி காயம், ஆறாத வலி, ஓயாத களைப்பு, குளிர், உறக்கமின்மை, உணவைப் பற்றிய அச்சம், பெண்களாயின் மாதவிலக்குத் தவறுதல் ஆகிய அடையாளங்களைக் கண்டால், அவற்றை வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். தோழர் ஒருவர் நாள்தோறும் உணவைத் தவிர்ப்பதைக் கண்டால், அருகில் அமர்ந்து உடன் உண்ணுங்கள். பின்னர், அவருக்கு நலம் நாடும் பெரியவர் ஒருவரிடம் தெரிவியுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. பாறை எங்கும் போய்விடாது. இன்று எட்டாத பிடி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அன்று அதை எட்டுவதற்கு உங்கள் கையும் எலும்பும் நலமாக இருத்தல் வேண்டும். இன்று இரவு வயிறார உண்ணுங்கள், நன்றாக உறங்குங்கள், நாளை ஏறுங்கள்.