மோட்டார் சைக்கிளில் ஹெட் கேஸ்கட் பழுதா? பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

அவினாசி, பல்லடம், காங்கயம் வட்டாரங்களில் விடியற்காலையில் சங்கத்துக்குப் பால் போவதும், மாட்டுக்குப் புல்லுக்கட்டு வருவதும், பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவதும் பல வீடுகளில் ஒரே மோட்டார் சைக்கிளில்தான். அவ்வண்டி பாரம் இழுக்காமல் திணறி, என்ஜின் ஓரத்தில் எண்ணெயும் கசிந்தால், ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது’ என்று உடனே பிரித்துவிடுகின்றனர். பிரித்த பின் போர், பிஸ்டன் என்று செலவு வளர்வதும் உண்டு. ஆகவே, முன்னதாக வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்வது நலம்.

சிலிண்டருக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய தகடே கேஸ்கட். எரியும் வாயு வெளியேறாமல் இது காக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஹெட்டுக்கு ஏறும் எண்ணெயும் இந்த இணைப்பைக் கடந்தே செல்வதால் அங்கு எண்ணெயும் கசியலாம். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் அப்பாதை இல்லை. அவற்றில் இணைப்பைச் சுற்றிக் கரிப்பிசுக்கே படியும்.

டீசல் பம்புசெட் என்ஜினில் பழகியவர்கள் வெண்புகையையும், ஆயில் பால்போல் வெளுப்பதையும் கேஸ்கட் பழுதின் அடையாளமாகக் கொள்வர். தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கு அது பொருந்தும். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளில் தண்ணீரே இல்லை. அங்கு ஆயில் வெளுத்தால், கழுவும்போது நீர் புகுந்திருக்கலாம்; என்ஜின் சூடேறுமுன் நின்றுவிடும் குறுகிய ஓட்டத்தாலும் ஈரம் சேரும்.

முதலில் ஸ்பார்க் பிளக் இறுக்கமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது தளர்ந்தாலும் ‘புஸ் புஸ்’ என்ற ஓசை வரும். பிறகு, ஆறிய என்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பவுடர் எங்கே முதலில் நனைகிறது என்று கவனிக்கவும். எண்ணெய் எப்போதும் கீழே வழியும். மேல்மூடியின் ரப்பர் வளையம் கெட்டு வழிவதைக் கேஸ்கட் பழுதென்று எண்ணி ஏமாறுவோரே அதிகம். அந்த வளையத்தை மாற்றுவது சிறு வேலை.

அடுத்து, என்ஜின் ஆறியபின் சாவியை மூடிவிட்டு, ஹெட் இணைப்பைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். குமிழி எழுந்தால் கேஸ்கட்டில் வாயு கசிகிறது. குமிழி எழவில்லை என்பதற்காகப் பழுதே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது; சூட்டில் மட்டும் கசிவதும் உண்டு.

கிக்கர் தடையின்றி இறங்கினால் பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு, பிளக்கை மாட்டி மீண்டும் மிதிக்கவும். கிக்கர் இறுகினால் ரிங் அல்லது போர் தேய்ந்துள்ளது. மாற்றம் இல்லையெனில் வால்வு அல்லது கேஸ்கட்டில் கோளாறு. வால்வு இடைவெளியைச் சரிபார்க்க என்ஜினை முழுதும் பிரிக்க வேண்டியதில்லை. அதை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கேஸ்கட் பழுது உறுதியானால் வண்டியை ஓட்டக் கூடாது. கசியும் சூடான வாயு அலுமினிய ஹெட்டையே அரித்துவிடும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் பயன்படுத்துவது வீண். ஹெட்டின் பரப்பு வளைந்துள்ளதா என்று நேரான எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்கவும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று தவணைகளில், டார்க் ரென்ச் கொண்டு தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முடுக்கச் செய்யவும். சிலிண்டரின் வரிகளில் அப்பிய சேற்றையும் அன்றே சுரண்டி எடுக்க வேண்டும். காற்றுப் புகாமல் சூடேறினால் புதுக் கேஸ்கட்டும் நிலைக்காது.