குளிர்பதனப் பெட்டியும் குடும்பச் சிக்கனமும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கப்பெறும் வட்ட முகப்புக் கட்டடத்தை நம் வாசகருள் பலர் கண்டிருப்பர். 1842ஆம் ஆண்டில் அது எழுந்தபொழுது அதன் பெயர் ‘ஐஸ் ஹவுஸ்’. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரையடுத்த ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, பன்மாதக் கடற்பயணத்திற்குப்பின் கரை சேர்ந்த மிச்சத்தை அங்கே சேமித்து விற்றது டியூடர் என்பாரின் வணிக நிறுவனம். அதனை வாங்கும் வசதி வெள்ளைத் துரைமார்க்கும் சில செல்வர்க்குமே இருந்தது. ஏனையோர் மட்பானைத் தண்ணீரைப் பருகி மகிழ்ந்தனர். பனிக்கட்டி செய்யும் ஆலைகள் நம் நாட்டிலேயே தோன்றியபின் அவ்வணிகம் நொடித்தது. 1958ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனத்தார் குளிர்பதனப் பெட்டியை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கினர். இன்றோ, சிற்றூர்களிலும் மாதத் தவணையிலாவது அதனை வாங்கி, கூடத்தில் நிறுத்தி, தலைமேல் பின்னல் விரிப்பும் போர்த்தி வைக்கும் இல்லங்கள் பல.

வாங்கியதில் தவறில்லை, அது ஆடம்பரம் என்று பேசிய காலம் போய்விட்டது. ஆயினும் அதனைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தால் நாம் காண்பது என்ன? முன்வரிசையில் இன்றைய சாம்பார். அதன் பின்னே நேற்றைய சாம்பார். அதற்கும் பின்னே, மூடியைத் திறக்க எவருக்கும் துணிவில்லாத ஒரு கிண்ணம். பாதி அரிந்த எலுமிச்சை, முடிச்சிட்ட பாலிதீன் பைகளில் இன்னதென்று அறிய முடியாத கீரை, உறவினர் திருமணத்தில் கிடைத்த இனிப்பு, கடையில் இலவசமாகத் தந்த சட்னிப் பொட்டலங்கள், மல்லிகைச் சரம், அதற்கு அண்டை வீட்டாராக அயிலை மீன்! உணவு கெடாதிருக்க வாங்கிய பெட்டி, கெடும் வரையில் உணவை ஒளித்து வைக்கும் பெட்டியாகிவிட்டது எனின் மிகையன்று.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என மதிப்பிடுகின்றது. உணவகங்களும் திருமண மண்டபங்களுமே இதற்குப் பொறுப்பு என எண்ணுவோர் உளர். ஆனால் அதில் 63 கோடி டன், அதாவது ஐந்தில் மூன்று பங்கு, வீடுகளிலிருந்தே குப்பைக்குச் சென்றதாம். இந்தியாவில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அவ்வறிக்கையின் கணக்கு. காய்த்தோலும் எலும்பும் இதில் அடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதியை அவ்வாறு தள்ளிவிட்டாலும், ஐவர் கொண்ட குடும்பத்தில் ஆண்டொன்றுக்கு 25 கிலோ சிப்பம் ஐந்துக்கு மேல் வெளியே கொட்டப்படுகின்றது. அரிசிக் கடையில் ஐந்து சிப்பத்திற்கு விலை கேட்டுப் பாருங்கள்.

நம் பாட்டிமார் இல்லங்களில் இப்பெட்டி இல்லை. இவ்வளவு வீணும் இல்லை. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தனர். விடிந்தால் அது பழைய சோறு. மிஞ்சிய குழம்புகளை ஒன்றாக்கிச் சுண்டவைத்தனர். மறுநாள் அதற்கே போட்டி. மலிந்த காலத்துக் காய் வற்றலாயிற்று, மீன் கருவாடாயிற்று, மாங்காய் ஊறுகாயாயிற்று. எல்லாவற்றிற்கும் மேலாக, அளந்து சமைத்தனர். நாளை கெட்டுவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு நல்ல ஆசானாக இருந்தது. பெட்டி வந்ததும் அவ்வச்சம் நீங்கிற்று; “மிஞ்சினால் பிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்” என்னும் துணிவு வந்தது. கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

இப்பெட்டி உணவு கெடுவதைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. உட்புறம் 4 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும்; உறைபனி அறை பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரி. அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் சாவதில்லை. பெரும்பாலானவை மெல்லப் பெருகுகின்றன, அவ்வளவே. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அவை விரைந்து பெருகும். ஆகவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே வைத்துவிட வேண்டும் என்பர் அறிந்தோர். அண்டா நிறையக் கொதிக்கும் குழம்பை அப்படியே வைத்தால் அண்டையிலுள்ள பாலும் தயிரும் சூடேறும். அகன்ற சிறு பாத்திரங்களில் பகிர்ந்து ஆறவைத்தால் விரைவில் ஆறும்.

சோற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருப்பதுண்டு. சோறு கொதிக்கும்பொழுதும் அவை மடிவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சோ மறுபடி சுடவைத்தாலும் அழியாது. பகலில் வடித்த சோற்றை இரவு பத்து மணிக்கு உள்ளே வைத்து, மறுநாள் குழந்தைக்கு எலுமிச்சைச் சோறாகக் கட்டிக் கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பதை இனி விளக்க வேண்டுவதில்லை.

இனிப் பெட்டிக்குள் எதற்கு எவ்விடம் என்பதைக் காண்போம். குளிர்ந்த காற்று கனமானது; கீழே இறங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியில் உறைபனி அறையையொட்டிய தட்டே மிகக் குளிர்ந்த இடம். கதவோ திறக்குந்தோறும் வெளிக்காற்றைச் சந்திப்பது. ஆதலின் அதுவே வெப்பம் மிகுந்த இடம். ஆனால் நம்மவர் பால் பொட்டலத்தைக் கதவில்தான் வைப்பர்! பாலையும் முட்டையையும் உட்தட்டில் வைத்து, ஊறுகாய், நெய், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கதவுக்கு அனுப்புவதே முறை. மீனும் இறைச்சியும் குளிர் மிகுந்த இடத்தை வேண்டுவன. எனினும் அவற்றின் நீர் சமைத்த உணவின்மேல் சொட்டலாகாது. இறுக மூடும் பாத்திரத்தில் வைத்துவிட்டால் இரண்டும் நிறைவேறும். பாத்திரங்களுக்கிடையே காற்று உலவ இடம் விடுங்கள். விசிறியால் குளிர்விக்கும் வகைப் பெட்டியாயின், பின்சுவரிலுள்ள காற்றுத் துளைகளைப் பாத்திரங்கள் அடைத்துவிடாமல் பார்த்துக் கொள்க. உறைபனி விரல் கனம் படியும்வரை விட்டுவைத்து, பிறகு கத்தியால் குத்திப் பெயர்க்கும் வழக்கத்தை அறவே விடுக. உள்ளே ஓடும் வாயுக் குழாயில் துளை விழுந்தால் பழுது பார்ப்பவருக்கே கொண்டாட்டம்.

இல்லத்தில் நீரிழிவு நோயாளி இருப்பின் இன்னும் விழிப்பு வேண்டும். திறவாத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டிய மருந்து. உறைந்துவிட்டால் அது பயனற்றது. உருகியபின் பார்வைக்குப் பழையபடி தோன்றினும் பயன்படுத்தலாகாது. உறைபனி அறைக்கு அடுத்த தட்டில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்சுலினைச் செருகி வைத்திருக்கும் வீடுகளை நாமே கண்டுள்ளோம். நடுத்தட்டில் ஒரு சிறு டப்பா, அதன்மேல் பெயர், குழந்தைகள் தொடலாகாது என்னும் கட்டளை, இவ்வளவு போதும்.

காய்கனிகளுள்ளும் எல்லாமே குளிரை விரும்புவன அல்ல. வாழைப்பழம் கறுத்துப்போகும். தக்காளி மணம் இழக்கும். உருளைக்கிழங்கின் மாவுப்பொருள் குளிரில் சர்க்கரையாக மாறுவதால் வறுக்கும்பொழுது கருகும். வெங்காயமும் பூண்டும் காற்றோட்டமுள்ள கூடையில் கிடப்பதே நன்று. உருளைக்கிழங்கோடு வெங்காயத்தைக் கலந்து வைக்க வேண்டா. ஆப்பிள், மாம்பழம், பப்பாளி முதலியன பழுக்குங்கால் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அதே பெட்டிக்குள் கீரையிருந்தால் இரண்டு நாளில் மஞ்சள் பூத்துவிடும். கடைக்காரர் கெட்ட கீரையைக் கொடுத்துவிட்டார் என்று பாவம் அவரைத் திட்டுவோம்.

கீரைக்கும் கொத்துமல்லிக்கும் ஈரமே எமன். வேரை நறுக்கி, அழுகிய இலையைக் களைந்து, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் நாட்கள் கூடும். கறிவேப்பிலையை உருவி நிழலில் உலர்த்தி, இறுக மூடும் டப்பாவில் இடுக. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு வைக்க வேண்டும். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் மெல்லிய பாலிதீன் பைகளுக்குத் தடையிருந்தும் அவை பெட்டிக்குள் பெருகும் மாயம் நமக்கு விளங்கவில்லை. மஞ்சள் பை மீண்டும் வந்துள்ளது. அதுவே நல்ல காய்கறிப் பையாகும். இட்லி மாவு குளிரிலும் மெல்லப் புளிக்கும். ஆதலின் பாத்திரத்தின் விளிம்பு வரை நிரப்ப வேண்டா. வேண்டிய அளவை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உடனே உள்ளே வைத்துவிட்டால் பல நாள் வரும். புளித்தபின் பணியாரம் இருக்கின்றது.

பெட்டியை ஒழுங்கு செய்ய விலையுயர்ந்த பிளாஸ்டிக் தட்டுகளை வாங்கி அடுக்குவோர் உளர். வேண்டியது அதுவன்று. உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மிஞ்சிய உணவுக்கென்று ஒரே ஒரு தட்டை, கண்மட்டத்திலுள்ள தட்டை, ஒதுக்கிவிடுங்கள். அத்தட்டு நிறைந்தால் மறுவேளை புதிதாகச் சமைப்பதில்லை என ஒரு விதி செய்து கொள்ளுங்கள். மூடியில் துண்டுத் தாளை ஒட்டித் தேதி எழுதுக. சமைத்த உணவிற்கு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள், எல்லை. புதிதாக வைப்பது பின்னே, பழையது முன்னே. சந்தைக்கு முந்திய நாள் பெட்டியைத் துடைத்துவிட்டு, இருப்பதைப் பார்த்தபின் வாங்குவதற்குக் குறிப்பெழுதுக.

இதில் யாருக்கு என்ன பங்கு? மாமியார், “நேற்று வைத்த கூட்டு அப்படியே இருக்கிறதே, இன்றைக்கு ஏனம்மா புதுப்பொரியல்?” என்கின்றார். மருமகள், “அதை யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள் அத்தை, நான்தான் மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன்” என்கின்றார். இருவர் சொல்வதும் உண்மையே. பல இல்லங்களில் பழையதை உண்பவர் தாய் ஒருவரே. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சூடாகப் பரிமாறிவிட்டு, மூன்றாம் நாள் குழம்பைத் தனியே ஊற்றிக்கொள்ளும் தாய்க்கு அதைச் சிக்கனம் என்று பாராட்டுரை வேறு. மிஞ்சியது எல்லார் இலையிலும் சிறிது விழுமாயின் மிஞ்சுவதே குறையும். குடும்பத் தலைவரும் வாரம் ஒருமுறை அப்பெட்டியைத் தம் கையால் துடைப்பாரேல், வாங்கும் பழங்களின் எண்ணிக்கை தானே இறங்கும் என்பது நம் கணிப்பு.

இதனினும் கசப்பான ஒன்று உண்டு. முன்னாளில் மிஞ்சியது அன்று மாலையே வேலை செய்யும் அம்மாளுக்கோ, வாசலில் நிற்பவருக்கோ சென்றது. அதே அடுப்பின் அதே வேளைச் சோறு அது. இப்பொழுதோ, நமக்கு வேண்டியிருக்கும் வரையில் உள்ளே. நாம் முகர்ந்து பார்த்து முகஞ்சுளித்தபின் அவருக்கு. நம் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததைப் பிறர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு ஈகை என்று பெயரிடலாகாது. அவர் நன்றி சொல்லி வாங்கிச் சென்று தெருமுனைத் தொட்டியில் கொட்டுகின்றார். அவர் செய்வது சரியே. கொடுப்பதாயின் அன்றே கொடுங்கள். சென்னை பெசன்ட் நகரில் 2017ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கென ஒரு குளிர்பதனப் பெட்டியைத் தெருவோரத்தில் நிறுவினர். மிகுதி உணவை வைப்பவர் வைக்கலாம், பசித்தவர் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் அதற்குப் பெட்டிகூட வேண்டா. அண்டை வீட்டுக் கதவு போதும்.

இறுதியாக மின்வெட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைத் தாக்கியபொழுது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மூடிய கதவைத் திறவாதிருந்தால் குளிர் சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். நிறைந்த உறைபனி அறையில் 48 மணி நேரமும், பாதி நிறைந்ததில் 24 மணி நேரமும் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் புட்டிகளில் நீர் நிரப்பி உறையவைத்தால் அது இன்னும் நீளும். மீன், இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவை நான்கு மணி நேரத்திற்குமேல் குளிரின்றி இருந்தால், முகர்ந்து பார்த்துத் தேற வேண்டா. நஞ்சு சுரந்த உணவும் நன்றாகவே மணக்கக்கூடும். ஊறுகாயும் நெய்யும் கிடக்கட்டும். மாவு பொங்கியிருந்தால் அன்றைக்கே அடுப்பேற்றி, தெருவில் உள்ளோர்க்கெல்லாம் தோசை வார்த்துவிடலாம்.