வேண்டாம் என்னும் தந்தைக்கு என்ன கொடுப்பது?

தாய்க்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால், "ஏன் இந்த வீண் செலவு?" என்று கடிந்துகொண்டே அதன் கரையைத் தடவிப் பார்ப்பாள். தந்தையிடம் அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை. "எனக்கு எதற்கு? பிள்ளைகளுக்கு வாங்கு" என்று பேச்சை முடித்துவிடுவார். கொடுத்த சட்டை உறை பிரிக்கப்படாமலே அலுமாரியில் உறங்கும். ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு நெருங்கும்போது, பொரளைச் சந்தியிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கடைகளின் முன்னே வளர்ந்த பிள்ளைகள் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

தந்தையர் தினம் அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம். தாயை இழந்த பிள்ளைகளைத் தனியே வளர்த்த தம் தந்தையை நினைந்து, சொனோரா டொட் என்னும் பெண்மணி 1910ஆம் ஆண்டு ஜூன் 19ஆந் திகதி ஸ்போக்கேன் நகரில் அதனைத் தொடக்கிவைத்தார். அது சட்டமானது 1972இல். இடையில் ஆடை வணிகர் அதனை இறுகப் பற்றிக்கொண்டனர். கழுத்துப்பட்டி தந்தைக்குரிய பரிசானது அவ்வாறுதான். வேட்டியும் சால்வையுமாய் வாழும் நம் தந்தையர் அதனை வைத்து என்ன செய்வர்?

நம்மிடையே கொடையின் திசையே வேறு. சித்திரை வருடப்பிறப்பிற் கைவிசேடம் கொடுப்பவர் தந்தை. கை நீட்டுவோர் பிள்ளைகள். தீபாவளிக்கு எல்லாருக்கும் புத்தாடை எடுத்தபின், எஞ்சியதில் தமக்கு ஒரு வேட்டி வாங்குவார், எஞ்சாவிடின் வாங்கார். பெற்றவன் திருப்பிக் கொடுக்கும்வரை கொடுத்தவனுக்குக் கடன்பட்டவனே என்பதைப் பல சமூகங்களின் வழக்கங்களைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் விளக்கினார். அறுபது ஆண்டு மேலேயே இருந்த கையைத் திடீரெனக் கீழே நீட்டச் சொன்னால் அது கூசாதா?

கொழும்புத் தமிழ்த் தந்தையர் சிலருக்கு வேறொரு காரணமும் உண்டு. 1983 ஜூலை 24ஆந் திகதி, இதே பொரளையிற் கனத்தை மயானத்தருகே மூண்ட வன்செயல், சில நாட்களுள் நகரெங்கும் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. உடுத்த உடையோடு அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்கும் சென்றவர் பலர். வருந்திச் சேர்த்தவை ஓரிரவிற் சாம்பலாவதைக் கண்டவருக்குப் புதுப் பொருளின் பளபளப்பு என்ன மகிழ்ச்சியைத் தரும்? அவர் வேண்டாம் என்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்வோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

பெறுவோர் தாம் கேட்ட பொருளையே மிக விரும்புவர் என்று 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. நம் அப்பாமாரை அவ்வாய்வாளர் கேட்டுப் பார்க்கவில்லை போலும்! நாம் கேட்பதை விடுத்துக் கவனிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். அவர் நாள்தோறும் தொடும் பொருள்கள் ஐந்தாறுதான் இருக்கும். சாய்மனைக் கதிரையின் பிரம்புப் பின்னல் அறுந்து தொங்கலாம். கைக்கடிகாரத்தின் வார் நைந்திருக்கலாம். மூக்குக்கண்ணாடியின் காலை நூலாற் கட்டியிருப்பார். புதிது வாங்காமல் அவற்றையே செப்பனிட்டுக் கொடுத்துப் பாருங்கள். மறுப்பதற்கு அவருக்கு வழியிராது. வருமானமில்லாத மாணவரும் இதிற் பங்குகொள்ளலாம். கண் மங்கிய தந்தைக்கு மாலையில் அரைமணி நேரம் பத்திரிகை படித்துக் காட்டுதற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

விலையை மறைப்பதும் ஒரு கலை. தகடூர் அதியமான் அரிய நெல்லிக்கனியை ஔவையாருக்குக் கொடுத்தபோது அதன் பெருமையைச் சொல்லாது மறைத்தான் என்பதைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டால் அறிகிறோம். சொல்லியிருந்தால் நீயே உண் என்று அவர் திருப்பிக் கொடுத்திருப்பார் அன்றோ? நன்மை தரும் பொய்யை வள்ளுவரும் மன்னித்திருப்பதால், விலைச்சீட்டைக் கிழிப்போர் அஞ்ச வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இவ்வகையில் வல்லவள். அவள் பெற்றோரின் திருமணப் படங்கள் 1983இல் வீட்டோடு எரிந்துபோயின. சென்ற ஆண்டு அவள் ஊரிலும் கனடாவிலும் உள்ள உறவினரின் பழைய அல்பங்களையெல்லாம் தேடுவித்து, ஒரு மாமியார் வீட்டில் ஒட்டிக் கிடந்த ஒரே படத்தைக் கண்டெடுத்தாள். அதனைப் பிரதியெடுத்து, சட்டமிட்டுத் தந்தையின் கையிற் கொடுத்தாள். நெடுநேரம் பார்த்திருந்தவர், "சட்டத்துக்கு எவ்வளவு கொடுத்தாய், பிள்ளை?" என்று கேட்டாராம். பாதி விலையைச் சொன்னாள். "அதுவும் கூட" என்று சொல்லிவிட்டு, சுத்தியலையும் ஆணியையும் தேடிக்கொண்டு எழுந்து போனாராம்.