பாலை நாட்டில் ஒரு மாநாடு

கம்பெனிகளின் கூட்டங்களையும் பயணங்களையும் ஏற்பாடு செய்யும் வேலை, தில்லித் தமிழர் பலருடைய மேசைக்குத் தானாகவே வந்து சேர்வதாகும். கணக்கும் கடிதமும் பிழையின்றி எழுதுவார்கள் என்னும் நற்பெயருக்காக நம்மவர் பெற்ற பரிசு இது! விற்பனை இலக்கை எட்டிய முகவர்களையும் ஊழியர்களையும் கம்பெனி செலவில் வெளிநாடு அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகியுள்ள இந்நாளில், அத்தகைய ஊக்கப் பயணம் ஒன்றை எகிப்து போன்ற பழம்பெரும் பாலை நாட்டில் எவ்வாறு வகுப்பது என்பதை நம் அன்பர்களோடு ஆராய விரும்புகிறோம்.

இதை ஆராயச் சாணக்யபுரியைவிடப் பொருத்தமான இடம் கிடைத்தல் அரிது. எகிப்து நாட்டுத் தூதரகம் இங்கே நீதி மார்க்கத்தில் இருக்கிறது. மாநாடு என்பதன் அருமையும் இப்பகுதி அறியாததன்று. 1956-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பொது மாநாடு தில்லியில் கூடவிருந்தபோது, வரும் விருந்தினரைத் தங்கவைக்கவே அசோகா ஹோட்டல் இங்கே எழுப்பப்பட்டது. அதே யுனெஸ்கோ 1960-இல் உலக நாடுகளை அழைத்து, அஸ்வான் அணையின் நீரில் மூழ்கவிருந்த நூபியக் கோயில்களைக் காக்க வேண்டியது. அபு சிம்பல் கோயில் 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்தெடுக்கப்பட்டு, மேட்டு நிலத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. இன்று பயணிகள் கண்டு வியப்பது அவ்வாறு இடம் பெயர்ந்த கோயிலையே.

இப்பேட்டைக்குப் பெயர் தந்த சாணக்கியரும் பயண வழிகளைப் பற்றி அர்த்தசாஸ்திரத்தில் வாதிட்டிருக்கிறார். வடக்கு வழியே சிறந்தது என்ற தம் ஆசிரியரின் கருத்தை மறுத்து, கம்பளம், தோல், குதிரை நீங்கலாக மற்றச் செல்வங்களெல்லாம் தென்வழியிலேயே மிகுதி என்றார். தெற்கிலிருந்து வந்த நமக்கு அவர் தீர்ப்பில் குறை காண மனமில்லை.

அத்தென்வழியின் மறுமுனையில் இருந்ததும் எகிப்தே. வியன்னா நகரத்து நூலகத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று உள்ளது. சேரநாட்டு முசிறியோடு நடந்த வாணிகத்தைப் பற்றிய கடன் ஒப்பந்தம் அது. செங்கடல் துறையில் இறங்கிய சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்தல், காவலோடு பாலையைக் கடந்து கோப்டோஸ் நகர் சேர்த்தல், அரசுக் கிடங்கில் முத்திரையிட்டு வைத்தல், பின் நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புதல் என ஒவ்வொரு கட்டமும் அதில் கூறப்பட்டுள்ளது. இன்றைய பயணக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் இவ்வளவு தெளிவு இருப்பின் நாம் மகிழ்வோம். செங்கடற்கரையில் குசைர் அல் காதிம் என்னுமிடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி', அதாவது பானை தொங்கும் உறி, என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். அதே கடற்கரையிலிருந்த பெரெனிகே துறைமுகத்தில் இந்தியத் தாழி ஒன்றினுள் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு கண்டெடுக்கப்பட்டது.

பெருமை பேசுவதற்காக மட்டும் இவற்றைக் கூறவில்லை. கோப்டோஸிலிருந்து பெரெனிகே செல்லும் ஒட்டகக் கூட்டத்தைப் பற்றி ரோமானியரான பிளினி எழுதியுள்ள குறிப்பு நம் வேலைக்கு நேரே பயன்படுவது. அவர்கள் வெப்பத்திற்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடந்தனர். பகலை நீர்நிலைகளை ஒட்டிய தங்கல்களில் கழித்தனர். பன்னிரண்டாம் நாள் துறைமுகம் சேர்ந்தனர். நிகழ்ச்சி நிரலை வகுத்தது வணிகரல்லர், வெயிலும் நீருமே.

ஆனால் நாம் காணும் நிரல்களோ தலைகீழாக இருக்கின்றன! காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை மேலதிகாரிகளின் சொற்பொழிவு, உணவு, பின் உச்சி வெயிலில் பிரமிடு காண்டல். குளிர்ந்த அறையில் இருக்க வேண்டிய வேளையில் வெளியிலும், வெளியில் உலவ வேண்டிய இனிய வேளையில் அறையிலும் விருந்தினரை வைப்பது என்ன ஏற்பாடு? விடியலில் புறப்பட்டுப் பத்து மணிக்குள் காட்சியிடத்திலிருந்து திரும்புக. குளியலும் உணவும் முடிந்தபின், நண்பகலில் கூட்டம் வைத்துக்கொள்க. மாலையில் மீண்டும் வெளியே செல்க. இவ்வொரு மாற்றமே பயணத்தைக் காப்பாற்றிவிடும்.

மாதமும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். இரவில் கம்பளி வேண்டும். கோடையில் லக்சர், அஸ்வான் பகுதிகளில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வசந்தத்தில் கம்சின் எனப்படும் மணற்காற்று வீசும். ரமலான் மாதத்தில் அலுவல் நேரம் குறையும்; வார விடுமுறையும் அங்கே வெள்ளி, சனிக்கிழமைகளே. அபு சிம்பலின் கருவறையில் கதிரொளி விழும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களில் கூட்டம் அலைமோதும். முதியவர்கள் இருப்பின் அந்நாட்களைத் தவிர்ப்பதே நலம். அஸ்வானிலிருந்து அங்கு செல்வது ஏறத்தாழ 280 கிலோமீட்டர் பாலைவனப் பயணமாகும்.

பாலையில் வெயிலுக்கு அஞ்சுவோர் வெள்ளத்திற்கு அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டும். அண்டை நாடான ஜோர்தானில், 2018 அக்டோபர் 25 அன்று சாக்கடல் அருகே திடீர் வெள்ளத்தில் 21 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகள். அப்பள்ளி அனுமதி பெற்றிருந்தது அஸ்ரக் என்னும் வேறோர் இடத்திற்கு என அரசு தெரிவித்தது. கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினர். எங்கோ பெய்த மழை, வறண்ட ஓடையில் சில நிமிடங்களில் சுவர்போல் வந்துவிடும். கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் ஆசைப்பட்டதற்காக வழியை மாற்றும் பழக்கத்தை நாம் கண்டிப்பாக மறுத்தல் வேண்டும். கோபித்துக்கொள்பவர் பெரிய முகவராயினும் சரி.

மருந்துப் பெட்டி பற்றி ஒரு சொல். மூட்டு வலிக்கு நம் வீடுகளில் சிலர் உட்கொள்ளும் டிராமடால் மாத்திரை எகிப்தில் கட்டுப்பாட்டிற்குட்பட்டது. 2017-இல் அதை எடுத்துச் சென்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வருவோர் அனைவரிடமும் மருந்துகளின் பெயர்களை முன்னரே எழுதி வாங்கி, தூதரகத்தில் விசாரித்தல் வேண்டும். விசா விதிகளையும் அவ்வண்ணமே நேரில் கேட்டறிதல் நலம். அவை அடிக்கடி மாறுகின்றன.

மரக்கறி உண்போர் கவலையுற வேண்டா. அரிசி, பருப்பு, மாக்கரோனி ஆகியவற்றின்மேல் தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும் இட்ட கொஷரி அந்நாட்டு ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான உணவு. மொச்சை இனத்தைச் சேர்ந்த பயற்றை வேகவைத்த ஃபூல், அதையே அரைத்துப் பொரித்த தாமியா ஆகியன நம் நாவுக்கு அன்னியமல்ல. தாமியாவை நம் வடையின் ஒன்றுவிட்ட தங்கை எனலாம். தயிரும் கிடைக்கும். சூப்பும் சோறும் இறைச்சிச் சாற்றில் சமைக்கப்பட்டனவா என்பதை மட்டும் ஒவ்வொரு வேளையும் கேட்டறிக.

மனைவியரையும் அழைக்கும் கம்பெனிகள் உண்டு, வரவேற்கிறோம். ஆயின் கணவர் கூட்டத்தில் அமர்ந்திருக்க, அவர்கள் ஹோட்டல் முகப்பில் மணிக்கணக்காகக் காத்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கெய்ரோவை அடுத்த கீசாவில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பெரிய அருங்காட்சியகத்தில், துட்டன்காமன் கல்லறைச் செல்வம் முழுவதும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளது. குளிரூட்டப்பட்ட இடம். கூட்ட நேரத்தில் சகோதரிகளை ஒரு வழிகாட்டியுடன் அங்கே அனுப்பலாகாதா?

பரிசு பெறுவோருக்கு மறைக்கக் கூடாத செய்தி ஒன்றும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, முகவர் முதலியோர்க்குத் தொழில் தொடர்பாகத் தரும் இத்தகைய நன்மை ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், அதன் மதிப்பில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துச் செலுத்தப்பட வேண்டும். திருநெல்வேலியிலோ ஈரோட்டிலோ சிறு கடை நடத்துபவர், பிரமிடு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய பின்னர் இதை அறிந்தால், அவருக்கு அப்பயணம் பரிசாகத் தோன்றுமா? அழைப்புக் கடிதத்திலேயே தமிழில் எழுதிவிடுக. வர இயலாதவர்க்குப் பணமாகவோ வேறு வகையாகவோ தரும் வழியையும் கம்பெனியிடம் கேட்டு வைத்தல் நன்று.

திரும்பும் நாளை வெள்ளிக்கிழமை இரவாக வைத்துக்கொள்க. ஞாயிறு நள்ளிரவில் தில்லி வந்திறங்கித் திங்கள் காலை அலுவலகம் செல்வோர், பயணத்தை வகுத்தவரை நன்றியோடு நினைப்பதில்லை.