நிறம் படாத இடம்

அம்மாவின் முள்ளுமுறுக்குத் தட்டு பித்தளையில் ஆனது; நடுவில் ஒற்றை நட்சத்திரத் துளை. குடும்ப ஆல்பத்தில் அம்மாவுக்கென்று ஒரு ஸ்க்ராப்புக் பக்கம் செய்ய உட்கார்ந்தபோது கடையில் வாங்கிய அலங்காரத் தாள்கள் எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. தட்டை எடுத்துத் தாள்மேல் வைத்தேன். ஈரத் தூரிகையால் சுற்றிலும் காவி நிறம் தீட்டினேன். எடுத்துப் பார்த்தால், நட்சத்திரமும் இல்லை, வட்டமும் இல்லை. நிறம் தட்டுக்கு அடியில் ஓடிக் குளமாகியிருந்தது.

அடுத்த முறை, கிட்டத்தட்டக் காய்ந்த பஞ்சில் அதே நிறத்தைத் தொட்டு, தட்டிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல ஒற்றினேன். துளைக்குள்ளும் நேர் மேலிருந்து ஒற்றல்தான். தட்டை நேராகத் தூக்கியதும் வெள்ளை வட்டம், அதன் நடுவே காவி நட்சத்திரம். தட்டும் அதேதான், நிறமும் அதேதான். அப்படியென்றால் மாறியது எது?

முதல் முறை நடந்தது தந்துகிக் கவர்ச்சி. விளக்குத்திரியில் எண்ணெயை மேலே ஏற்றுகிற விசைதான் அது. தட்டுக்கும் தாளுக்கும் இடையே மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும். ஈரமான நிறம் அந்த இடுக்கின் வாயைத் தொட்டால் போதும். இரண்டு பரப்புகளும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இடுக்கு குறுகக் குறுக இழுப்பும் கூடும். அதனால் தட்டை இன்னும் அழுத்திப் பிடித்துப் பயனில்லை, ஈரத்தைத்தான் குறைக்க வேண்டும். மார்கழித் தெருவில் துளையிட்ட தகட்டில் கோலப்பொடியைத் தேய்த்து எடுக்கும்போது கோடுகள் அவ்வளவு துல்லியமாக விழுவதற்கும் காரணம் இதுதான். பொடி ஊர்ந்து போகாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

பொருளை வைத்து நிறத்தைத் தடுத்தால் அது மாஸ்க். துளை வழியே நிறத்தை விட்டால் ஸ்டென்சில். முறுக்குத் தட்டு இரண்டுமாகிறது. சாவி, பூண்டு வரும் வலைப்பை, பின்னல் விரிப்பு என்று வீட்டில் தட்டையாகக் கிடக்கும் எதுவும் இந்த வேலைக்கு ஆகும். இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது அளவு. புகைப்படத்தில் அம்மாவின் தட்டு நகத்தளவு சுருங்கியிருக்கிறது. மாஸ்க் விட்டுச்செல்லும் வெள்ளை வட்டமோ தட்டு எவ்வளவோ அவ்வளவு. அந்தப் பொருள் அந்தத் தாளில் உண்மையாகவே இருந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

மனிதர்கள் இதைக் கண்டுபிடித்து வெகு காலமாகிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் லியாங் திம்புசெங் என்ற குகையில் யாரோ ஒருவர் பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் செம்மண் நிறத்தைத் தூவியிருக்கிறார். அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014இல் அறிவித்தார்கள். அர்ஜென்டினாவின் கைகளின் குகையில் நூற்றுக்கணக்கான கைகள், பெரும்பாலும் இடக்கைகள். நிறத்தை ஊதிய எலும்புக் குழலை வலக்கை பிடித்திருந்திருக்க வேண்டும். நிறம் படாமல் போன பாறையில்தான் அந்த மனிதரின் விரல்களை நாம் இன்று எண்ணுகிறோம்.

அந்தக் கைகளின் விளிம்பில் ஒரு சிறு புகைமூட்டம் இருக்கும். வீட்டில் அதை நீங்களே வரவழைக்கலாம். பழைய பல் துலக்கியை நிறத்தில் தோய்த்து, ஒரு பிளாஸ்டிக் சீப்பின்மேல் விரலால் தெறிக்க விடுங்கள். சீப்பு தாளை ஒட்டியிருந்தால் பற்கள் தனித்தனியாகப் பதியும். விரலளவு தூக்கிப் பிடித்தால் எல்லாம் கலங்கிவிடும், ஏனென்றால் துளிகள் ஒரே திசையில் வருவதில்லை. சாய்வாக வருபவை சீப்புக்கு அடியில் நுழைந்துவிடுகின்றன. விளிம்பு எவ்வளவு கூர்மை என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: மாஸ்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வருவது எத்தனை கோணங்களிலிருந்து வருகிறது.

வெயிலுக்கும் இதே கணக்குதான். சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு பொருளின் நிழல் விளிம்பு, அதன் தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். தாளுக்கு 1 செ.மீ. மேலே இருந்தால் மங்கல் 0.1 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. மொட்டைமாடியில் 2 மீட்டர் உயரக் கொடிக்கம்பிக்கோ அது 2 செ.மீ. ஆகிவிடும். மெல்லிய கம்பியின் நிழல் உச்சிவெயிலில்கூடத் தரையில் தேடினாலும் அகப்படாமல் போவது இதனால்தான்.

தாளை ஒட்டி வைத்தால் வெயில் எவ்வளவு நேர்த்தியான தூரிகை என்பதை இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் உலகத்துக்குக் காட்டினார். ஜான் ஹெர்ஷல் 1842இல் இரும்பு உப்புகளைக் கொண்டு சயனோடைப் முறையைக் கண்டறிந்தார். அந்தக் கரைசல் பூசிய தாளில் வெயில் பட்ட இடத்தில் நீல நிறமி உருவாகும்; மறைந்திருந்த இடத்தில் உப்பு அப்படியே இருக்கும், தண்ணீரில் அலசினால் போய்விடும். அட்கின்ஸ் கடற்பாசிகளை அந்தத் தாளில் பரப்பி வெயிலில் வைத்தார். 1843 முதல் பகுதி பகுதியாக வந்த அவருடைய பாசி நூல்தான் புகைப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் என்று கருதப்படுகிறது. ஆனால் அதில் கேமரா இல்லை, பாசியே மாஸ்க். நீலக் கடலில் மிதப்பதுபோல ஒவ்வொரு இழையும் அதனதன் அளவிலேயே வெள்ளையாக நிற்கிறது.

உங்கள் கைபேசிக்குள் இருக்கும் சிப்புகளும் மாஸ்க்கால் உருவானவைதான். ஆரம்பத்தில் மாஸ்க்கை சிலிக்கான் தகட்டின்மேல் நேரடியாக அழுத்தி ஒளி பாய்ச்சினார்கள். விளிம்பு கூர்மையாக வந்தது. ஆனால் தூசியும் கீறலும் மாஸ்க்கையும் தகட்டையும் சேர்த்தே கெடுத்தன. சற்றுத் தூக்கினால் விளிம்பு மங்கியது. என் பிளாஸ்டிக் சீப்பு பட்ட அதே பாடு! பிறகு தொடாமலேயே பிம்பத்தைத் தகட்டில் குவிக்கும் கருவிகள் வந்தன. பெர்கின்-எல்மர் நிறுவனம் 1973இல் அப்படி ஒன்றை ஆடிகளைக் கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மிக நுண்ணிய சிப்புகளுக்கு 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி. அதைக் கண்ணாடி விழுங்கிவிடும் என்பதால் மாஸ்க்கே ஒரு ஆடி. ஒளி வேண்டாத இடங்களில் மட்டும் அதை உறிஞ்சும் படலம்.

அம்மாவின் பக்கத்துக்கு இன்னொன்றும் செய்தேன். அவருடைய மரச்சீப்பை சயனோடைப் தாளில் வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி, மாடி வெயிலில் விட்டேன். குழாய்த் தண்ணீரில் அலசியபோது நீலத்திலிருந்து சீப்பு வெள்ளையாக எழுந்து வந்தது. அதன் ஓரத்தில் இரண்டு பற்கள் எப்போதோ ஒடிந்திருந்தன. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். அந்த இடத்தில் மட்டும் வெயில் தடையில்லாமல் இறங்கி நீலமாகியிருக்கிறது.